பூங்கா மனையில் காய்கறித் தோட்டம்: எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு

தஞ்சாவூர் மாநகராட்சிக்குள் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டு முட்புதராகக் கிடக்கும் மனைகளில் அந்தந்த நகர்க்காரர்கள் சேர்ந்து காய்கறி பயிரிட மாநகராட்சி அனுமதிக்க வேண்டும். நிலம் மாநகராட்சியின் பெயரிலேயே இருக்கட்டும். பட்டாவோ நீண்டகாலக் குத்தகையோ யாருக்கும் கூடாது.

இந்த மனைகள் சும்மா வந்தவை அல்ல. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பங்கின் விலையும் சேர்ந்துதான் மனை வாங்கியவர் தலையில் விழுந்திருக்கிறது. ஒப்படைத்த பிறகு கவனிப்பார் இல்லை. முதலில் சீமைக்கருவேலம் முளைக்கும், அடுத்து வீடு இடித்த கழிவு வந்து விழும், கடைசியில் ஒரு கொட்டகை. கொட்டகை வந்துவிட்டால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

நெல் விளையும் டெல்டாவில் ஊருக்குள் எதற்குத் தோட்டம் என்று கேட்கிறார்கள். குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லிலேயே ஊறிய நாடு இது. காய்கறிக்கோ ஒட்டன்சத்திரம் லாரியை எதிர்பார்க்கிறோம். சில சென்ட் தோட்டம் அதை மாற்றிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கீரை, வெண்டை, கொத்தவரை, ஓர் அவரைப் பந்தல், அவ்வளவுதான். ஆனால் தினமும் ஆள் புழங்கும் இடத்தில் குப்பை கொட்டவும் கொட்டகை போடவும் துணிய மாட்டார்கள். எங்களுக்கு அதுவே பெரிய விளைச்சல்.

பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எங்களுக்கு முழுச் சம்மதம். அதனால்தான் பூட்டிய வேலி வேண்டாம் என்கிறோம். நடைபாதையும் நிழல் மரமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் போக மிச்சத்தில்தான் பாத்தி. பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அனுமதியாகக் கொடுக்கலாம். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகத் தரிசு நிலங்களில் பயிர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

குளம், வாய்க்கால், கோட்டை அகழி, வடவாற்றங்கரை ஆகியவற்றில் ஒரு பாத்திகூடக் கூடாது. தோட்டத்தின் பெயரால் நீர்நிலையைத் தூர்ப்பதும் ஆக்கிரமிப்புதான். ஜெபமாலைபுரம் குப்பைக் கிடங்கு நிலத்தைச் சுத்தம் செய்தாலும் அங்கே மரம் வைக்கலாம், கீரை வேண்டாம்.

மண் விஷயத்தில் அவசரம் ஆகாது. வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவைத்தான் முக்கியமாகச் சொல்லும். கட்டடக் கழிவும் பெயின்டும் பழைய பேட்டரியும் கிடந்த இடத்தில் ஈயம், காட்மியம் உண்டா என்று தனியாகக் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். தேறாத இடத்தில் பூச்செடி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும் என்பதால் மேட்டுப்பாத்தி அவசியம். சாக்கடை நீரை எந்தக் காரணத்துக்காகவும் பாய்ச்சக் கூடாது.

51 வார்டுகளிலும் உள்ள இத்தகைய மனைகளின் பட்டியலைப் புல எண், பரப்பளவோடு மாநகராட்சி வெளியிட வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு முன்பே வெளியிட்டால் இந்த ஆண்டே விதைக்கலாம். உங்கள் நகரிலும் அப்படி ஓர் இடம் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள்.