மஞ்சப் பையோடு நிற்கிறவர்

பல் பிடுங்கிக்கொண்டு வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். ஊசி எங்கே போட்டார்கள், பல் எத்தனை துண்டாக வந்தது என்று அரை மணி நேரம் சொல்வார். குடல்வால் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டுவார். வேண்டாம் என்றாலும் காட்டுவார்.

தலைக்குள் ஆபரேஷன் நடந்தவரைக் கேளுங்கள். ‘‘எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கண் முழிச்சப்ப மொட்டை அடிச்சிருந்தாங்க. எந்தக் கோயில்னு கேட்டேன்’’ என்பார். அவ்வளவுதான்.

மூளை வைத்தியத்தில் உள்ள விசித்திரம் இது. ஆபரேஷன் ஒருத்தருக்கு, அனுபவம் இன்னொருத்தருக்கு. அந்த இன்னொருத்தர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார். மச்சானோ, மாமனாரோ, ஒரே ஆபீஸில் வேலை பார்த்த பாவத்துக்கு ஆம்புலன்ஸில் கூட ஏறிய கிளார்க்கோ. கையில் ஒரு மஞ்சப் பை. அதில் ஸ்கேன் படம், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாதி பாட்டில் தண்ணீர், உள்ளே படுத்திருப்பவரின் ஒற்றைச் செருப்பு. இன்னொன்று ரோட்டிலேயே போய்விட்டது.

இந்த வாரம் அவரைப் பற்றி.

* * *

திண்டிவனத்தில் ரோடு மூன்றாகப் பிரிகிறது. ஒன்று பாண்டிச்சேரிக்கு, ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு, ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு. சென்னையிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிற பாதி ஜனம் இந்த வழியாகத்தான் பறக்கிறது. பறக்கிற எல்லோரும் பத்திரமாக இறங்குவதில்லை.

இந்தப் பக்கத்தில் தலையில் அடி என்றால் கூட்டத்தில் மூன்று பெயர்கள் கிளம்பும். ‘முண்டியம்பாக்கம்’ என்பார் ஒருவர். ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் சர்க்கரை ஆலைதான் ஞாபகம் வரும். 2010-லிருந்து அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ‘ஜிப்மர்’ என்பார் இன்னொருவர். அது பாண்டிச்சேரி கோரிமேட்டில், விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ‘எதுவானாலும் மெட்ராஸ்தான்’ என்பார் மூன்றாமவர். அது 160 கிலோமீட்டர். அவர் வரமாட்டார், யோசனை மட்டும்தான் சொல்வார்.

நான்காவதாக ஒருத்தர் சோடா பாட்டிலோடு வருவார். ஐந்தாமவர் வலிப்பு வந்த கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். இரும்புக்கு வலிப்பு அடங்காது சார். வலிப்பு தானாக நிற்கும்போது சாவி கையில் இருப்பதால் சாவிக்கு நல்ல பெயர். நினைவில்லாதவர் வாயில் சோடா ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். கழுத்தை ஆட்டாமல் 108-க்கு போன் பண்ணுவதுதான் முதல் உதவி. தமிழ்நாட்டில் அந்த வண்டி 2008-லிருந்து ஓடுகிறது. காசில்லையே என்று தயங்கவும் வேண்டாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கிய இடம், திண்டிவனத்துக்குச் சற்று வடக்கே இருக்கிற மேல்மருவத்தூர்தான்.

ஏன் இந்த அவசரம்? மண்டை ஓடு ஒரு மூடின டப்பா. உள்ளே காலி இடம் கிடையாது. ரத்தம் கட்டினால் அது மூளையைத்தான் அழுத்த வேண்டும். பி.காம். பாஷையில் சொல்வதானால், பாங்க் கடனுக்கு வட்டி மாதா மாதம் ஏறும். தலைக்குள் கட்டின ரத்தத்துக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும்.

இதில் மோசமானது, அடிபட்டவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, ‘‘ஒண்ணும் இல்லண்ணே’’ என்று டீ குடிக்கிற கேஸ். சில பேருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கம். ‘‘அசதியா தூங்குறாரு, எழுப்பாதீங்க’’ என்று வீட்டில் கதவைச் சாத்துவார்கள். நடாஷா ரிச்சர்ட்ஸன் என்ற நடிகை 2009-ல் கனடாவில் பனிச்சறுக்கு பழகும்போது விழுந்தார். நன்றாகத்தான் பேசினார், ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார். தலையில் அடிபட்டவன் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள். திட்டினால் சந்தோஷம். திட்டக்கூடத் தெம்பில்லாமல் மறுபடி சாய்ந்தால் வண்டியை எடுங்கள்.

* * *

ஆஸ்பத்திரியில் மஞ்சப் பைக்காரர் காதில் முதலில் விழுவது ஒரு நம்பர். ‘‘ஜி.சி.எஸ். எட்டு.’’

‘‘எத்தனைக்கு எட்டு சார்?’’

பதினைந்துக்கு. 1974-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் கண்டுபிடித்த மார்க் ஷீட் இது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. ஒன்றுமே எழுதாத பேப்பருக்கும் 3 மார்க் உண்டு. நம் யூனிவர்சிட்டிகூட அவ்வளவு தாராளம் கிடையாது. எட்டும் அதற்குக் கீழும் என்றால் காயம் தீவிரம் என்று அர்த்தம்.

பாஸ் மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள். காலையில் இருந்ததைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஷேர் மார்க்கெட் மாதிரிதான். விலையைவிட அது போகிற திசை முக்கியம்.

* * *

அடுத்தது கையெழுத்து. வீட்டு லோனுக்குப் படிக்காமலே நாற்பது இடத்தில் போட்ட கை, இங்கே ஒரே ஒரு இடத்தில் போட நடுங்கும். ‘உயிருக்கு ஆபத்து நேரலாம்’ என்ற வரிக்குக் கீழே நம் பெயர்.

டாக்டர் வந்து பேசுகிற அந்த ஐந்து நிமிஷம்தான் மொத்த அனுபவமும். ஆபரேஷனைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. உள்ளே என்ன வெட்டினார், என்ன தைத்தார் என்று நமக்கு என்ன தெரியும்? குறை எல்லாம், ‘‘ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாருங்க’’ என்பதுதான். பாராட்டும் அப்படியே. ‘‘தோள்ல கைய வச்சு, நாளைக்குக் காலையில பாக்கலாம்னு சொன்னாரு’’ என்று பத்து வருஷம் கழித்தும் சொல்வார்கள். கத்தியை யாரும் பார்ப்பதில்லை. வார்த்தையை யாரும் மறப்பதில்லை.

டாக்டர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஐந்தாறு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால் அடுத்த ஸ்ட்ரெச்சர் காத்திருக்கிறது. ஹென்றி மார்ஷ் என்று லண்டனில் பேர் பெற்ற மூளை அறுவை நிபுணர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கே புற்றுநோய் வந்தது. நோயாளியாக டாக்டர் எதிரில் உட்கார்ந்த அனுபவத்தை 2022-ல் புத்தகமாகவே எழுதினார். நம் டாக்டர்களுக்கு அவ்வளவு கஷ்டம் வேண்டாம். ஒரு நாள் மஞ்சப் பையோடு வராந்தாவில் நின்றால் போதும்.

* * *

இந்தக் கூட வந்தவர் என்ன, சும்மா நிற்கிற ஆளா? இல்லை.

இந்தியாவில் மூளை அறுவைக்கென்று தனிப் பிரிவை முதலில் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர் சி.எம்.சி.யில், 1949-ல். அடுத்த வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி. விழுப்புரத்தில் ரயில் ஏறினால் கடலூர், சிதம்பரம் தாண்டி வருகிற சீர்காழிக்காரர். அவர்கள் காலத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது. கழுத்து ரத்தக் குழாயில் மருந்தை ஏற்றியோ, மூளை அறைகளுக்குள் காற்றை விட்டோ எக்ஸ்ரே எடுத்து, உள்ளே என்ன என்று ஊகிக்க வேண்டும். ஸ்கேன் வந்தது 1971-ல். கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். ஆமாம், இசைத்தட்டு போட்ட அதே கம்பெனிதான்!

ஸ்கேன் இல்லாத நாளில் டாக்டருக்குப் பெரிய துணை, கூட வந்தவரின் வாய். எத்தனை மணிக்கு விழுந்தார், முதலில் எந்தக் கை இழுத்தது, பேச்சு எப்போது குழறியது. இன்றைக்கும் அதையெல்லாம் எந்த ஸ்கேனும் சொல்லாது. பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் பைக்குள் ஒரு துண்டுப் பேப்பரும் பேனாவும் இருக்கட்டும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை:

அடிபட்ட நேரம். நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம். வாந்தி, வலிப்பு. சுகர், பி.பி., ஹார்ட்டுக்காக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை. குடித்திருந்தால் அதுவும். மாமனார் பக்கத்தில் நிற்கிறார் என்று மறைக்காதீர்கள்.

கேட்க வேண்டியவை:

உள்ளே என்ன ஆகியிருக்கிறது? ஆபரேஷன் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? பிழைத்தால் பேச்சு, நடை, கை எப்படி இருக்கும்? நாளைக்கு எத்தனை மணிக்கு, யாரிடம் கேட்க வேண்டும்?

கேட்பவர் ஒருவராக இருக்கட்டும். ஒன்பது பேர் ஒன்பது தடவை கேட்டால், பத்தாவது தடவை டாக்டர் வேறு வழியாகப் போய்விடுவார்.

* * *

ஆபரேஷன் நடக்கும்போதே விழித்திருந்து கதை சொல்கிறவர்களும் உண்டு. மூளைக்கு வலி தெரியாது. பேச்சு, கை அசைவுக்கான பகுதி பக்கத்தில் கட்டி இருந்தால், தலைத்தோலை மரத்துப்போகச் செய்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுப்பார்கள். 2017-ல் சென்னையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆபரேஷன் நடக்க நடக்க செல்போனில் கேண்டி கிரஷ் ஆடினாள். அவளிடம் கேட்டால் ஸ்கோர்கூடச் சொல்லியிருப்பாள்!

மற்றவர்களுக்கு எல்லாம் கதை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். தையல் பிரித்தாச்சு, ஸ்கேன் நார்மல். ஆனால் மனுஷன் மிக்ஸி சத்தத்துக்கு எரிந்து விழுவார். காலையில் சொன்னதைச் சாயங்காலம் மறப்பார். ‘‘ஆளே மாறிட்டாரு’’ என்று வீட்டில் அழுவார்கள். அது திமிர் இல்லை, காயத்தின் மிச்சம். டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது. வலிப்பு மாத்திரையை மட்டும் ‘சரியாப் போச்சே’ என்று தானாக நிறுத்தக் கூடாது.

குணமானவர் டாக்டருக்குப் பழக்கூடை கொண்டுபோவார், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பார். கூட நின்றவர் ஞாபகம் யாருக்கும் வராது. லீவு வேறு சம்பளமில்லாத லீவாகப் போயிருக்கும். நாளைக்கு ஏதாவது வார்டு வாசலில் அந்த மஞ்சப் பையைப் பார்த்தால், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை தூக்கலாக. நோயாளிக்குத் தெரியாத முழுக் கதையும் அவரிடம்தான் இருக்கிறது.