பெயர் படத்தோடயே போகட்டும்

ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களைப் பற்றித் தேடினால் லூல்கந்துரவும் ஜேம்ஸ் டெய்லரும்தான் முதலில் வருவார்கள். 1867இல் அவர் தேயிலை போட்டது எல்லாருக்கும் தெரியும். படத்தில் கொழுந்துக் கூடையோட நிற்கிற அம்மாவின் பெயர்? "தேயிலை பறிக்கும் பெண்", அவ்வளவுதான்.

இப்ப நம்ம பிள்ளைகளே கமராவோட லயங்களுக்குப் போறாங்க. பெயர், டிவிஷன், வருஷம் எல்லாம் கேட்டு லைட்ரூம் கிளாசிக்ல பதியிறாங்க. ஆனா எக்ஸ்எம்பி தானாக எழுதுற செட்டிங் ஒன் இல்லாட்டி, அந்த விவரம் அந்த லெப்டொப் கேட்டலொக்குக்குள்ள மட்டும்தான் கிடக்கும். ரோ படத்தை மட்டும் கொப்பி பண்ணிக் குடுத்தா திரும்பவும் பெயரில்லாத பெண்தான். ஒன் பண்ணினா படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பு வரும், நோட்பேட்லயும் திறக்கலாம்.

டார்க்டேபிள் இலவசம், இந்தக் கோப்பைத் தானாவே எழுதும். ஆனா அது கோப்புக்குப் பெயர் வைக்கிற முறை வேற. ரெண்டையும் கலந்து பாவிச்சா ஒரே படத்துக்கு ரெண்டு கோப்பு, ரெண்டு கதை. ஒரு குழு விவரம் எழுத ஒரே மென்பொருளைத்தான் பாவிக்கணும்.

"இது ஐடி ஆட்கள் வேலை"ங்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். அந்த அம்மா பெயரைச் சொன்னது படம் எடுத்தவரிடம். லைட்ரூம்காரங்க படங்களைக் குடுக்க முன்ன எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கொன்ட்ரோல் எஸ் அமுக்குங்க. துணைக்கோப்பையும் சேர்த்தே கொப்பி பண்ணுங்க.