தார்க் கறைக்குப் பெட்ரோலா?

புதிதாகத் தார் போட்ட ரோட்டில் கார் ஒரு தடவை போய் வந்தால் போதும். கதவின் அடியில் எல்லாம் கறுப்புப் புள்ளிகள்! உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? பெட்ரோலில் துணியை நனைத்துப் பையன் கையில் கொடுத்து, "தேய்டா!" என்கிறார்கள். இது பெரிய தவறு.

பெட்ரோல் தாரைக் கரைக்கும், உண்மைதான். பையன் கையும் எரியுமே! அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். சற்றுத் தள்ளி அடுப்பு எரிந்தால் என்ன ஆகும்? காரைத் துடைக்கப் போய் வீட்டையே கொளுத்திக் கொள்ள வேண்டுமா?

தாருக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகும். தேங்காய் எண்ணெயே போதும். துணியில் தொட்டுக் கறையின் மேல் கொஞ்ச நேரம் ஒற்றி வையுங்கள். தார் இளகும். மெதுவாகத் துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டுமே!

பூத்த மாமரத்தடியில் நிறுத்திய கார் பிசுபிசுக்கிறதா? அது பெரும்பாலும் மரத்தின் பால் அல்ல. தத்துப்பூச்சி கழித்த இனிப்பு நீர்! வெதுவெதுப்பான தண்ணீரில் போய்விடும். வேப்பம் பிசினும் ஈரத்துணியில் ஊறினால் இளகும். பிளேடால் மட்டும் சுரண்டாதீர்கள். பிசினோடு பெயிண்டும் வந்துவிடும்!