சிப் யார் கையில்?

2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே, எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையில், மங்களூர்-சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் செத்தன. அடுத்து நடந்ததுதான் விநோதம். ரயில் என்ன வேகத்தில் வந்தது என்று பார்க்க இன்ஜினைத் தேடிப் பாலக்காடு போன தமிழக வனத்துறையினர், வேகத்தைப் பதிவு செய்யும் சிப்பை எடுத்தார்கள். ரயில்வே தரப்பு அவர்களையே பிடித்து வைத்துக்கொண்டது. பேச்சு வார்த்தைக்குப் பிறகுதான் விட்டார்கள். இரண்டு அரசுத் துறைகள் ஒரு சிப்புக்காக மல்லுக்கு நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கிற விஷயமில்லை. இரவில் வேகத்தைக் குறைக்க வேண்டிய தடம் அது. குறைத்தார்களா இல்லையா என்பதற்கு அந்தச் சிப்தான் முக்கிய சாட்சி.

அதன் சாட்சியமும் வேதவாக்கல்ல. இன்ஜினில் இருக்கும் பெட்டி வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, சக்கரத்தின் விட்டத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. விட்டத்தை மனிதர்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இன்றைய மின்சார இன்ஜின்கள் பலவற்றில் புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மில்லிமீட்டர். தேய்ந்து கழிக்கும்போது 1,016. தேய்ந்த சக்கரத்துக்குப் பழைய எண்ணே பெட்டியில் இருந்தால், 45 கிலோமீட்டரில் போகும் ரயில் 48 என்று பதிவாகும். டிரைவர் அநியாயமாக மாட்டிக்கொள்வார். புதுச் சக்கரம் போட்டுவிட்டு எண்ணை மாற்ற மறந்தாலோ, 48-ல் போன ரயில் 45 என்று தப்பித்துவிடும். சாஃப்ட்வேரில் ஒரு வரிகூடத் தப்பில்லாமலே இவ்வளவும் நடக்கும். ஆகவே பெட்டியைத் திறந்து பார்ப்பது டிரைவருக்கும் பாதுகாப்புதான். தொழிற்சங்கங்களே முன்னின்று கேட்க வேண்டிய உரிமை இது.

திறந்து பார்த்தால் என்ன வெளிவரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு உதாரணம். டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுப்பதாகப் புகார்கள் குவிந்தபோது, கால்மிதி விரிப்பும் ஒட்டிக்கொள்ளும் பெடலும்தான் காரணம் என்றது கம்பெனி. நாசா நிபுணர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தும் மின்னணுக் கோளாறு எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011-ல் அறிக்கை வந்தது. 2007-ல் ஓக்லஹோமாவில் ஒரு பெண்ணின் உயிரைக் குடித்த விபத்து பின்னர் வழக்குமன்றம் வந்தபோது, பாதிக்கப்பட்டவர் தரப்பு நிபுணர்கள் பலத்த காவலிருந்த அறையில் அந்தச் சாஃப்ட்வேரை வரி வரியாகப் படித்திருந்தார்கள். நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் வேகக் கட்டுப்பாடு கைவிட்டுப் போகலாம் என்று சாட்சி சொன்னார்கள். 2013-ல் ஜூரி டொயோட்டாவைப் பொறுப்பாளி என்றது.

வாளையார் பக்கம் இப்போது பெட்டிகள் பெருகிவிட்டன. மதுக்கரையில் தமிழக வனத்துறை 2024 பிப்ரவரியில் துவக்கிய ஏற்பாட்டில் 12 கோபுரங்கள், 24 கேமராக்கள். சுமார் ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கு, தடத்தை நெருங்கும் யானையைக் கம்ப்யூட்டரே அடையாளம் கண்டு எச்சரிக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் எத்தனை முறை எச்சரித்தது என்ற கணக்கைக் கொண்டு மட்டும் அதை மெச்ச முடியாது. கேமரா பார்க்கத் தவறிய யானையைக் கேமராவின் கணக்கிலேயே தேடி என்ன பயன்? காலையில் தடத்தோரம் நடந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர் காலடியையும் லத்தியையும் பார்த்து எழுதும் நோட்டோடு அதை ஒப்பிட வேண்டும். எந்திரம் வந்துவிட்டதே என்று அந்தக் காவலரைக் குறைத்தால், எந்திரத்தைச் சோதிக்க இருக்கும் ஒரே கணக்கும் போய்விடும்.

யானைக்கு மாநில எல்லை கிடையாது. மதுக்கரை தமிழக வனத்துறையுடையது, தடம் பாலக்காடு கோட்டத்துடையது, வாளையாரைத் தாண்டினால் கேரள வனத்துறை. மூவருக்கும் பொதுவான நடைமுறை ஒன்று வேண்டும். மோதல் நடந்தால், இன்ஜின் அடுத்த வண்டியை இழுக்கக் கிளம்புவதற்கு முன் எல்லோர் முன்னிலையிலும் சிப்பைப் படியெடுத்து, மூன்று தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். கையோடு சக்கரத்தையும் அளந்துவிட வேண்டும்.