72 பெட்டிக் கணக்கு

பொருள் சேர்க்கும் பொழுதுபோக்கு எந்த இடத்தில் நோயாகிறது என்று கேட்டால், பலரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள்: இத்தனை பொம்மை, இத்தனை வெள்ளி. அந்த அளவுகோல் உதவாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த, விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீசுகளும் வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994இல் சென்னையில் அவை ஆராய்ச்சி நூலகமாயின. எண்ணிக்கையைப் பார்த்து யாராவது அவர் கையைப் பிடித்திருந்தால், தமிழுக்கு அந்த நூலகம் இல்லை. காசு கொடுக்குமுன் தாம் வாங்குவது என்ன என்று அவருக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பது தெரியாமலே வாங்க வைக்கும் இன்றைய வியாபாரம் அடிப்பது அந்தத் தெளிவின்மீதுதான்.

கோலாலம்பூர் செந்தூலில் பள்ளிப்பைகளில் தொங்கும் லபுபு பொம்மையை எடுத்துக்கொள்வோம். பாப் மார்ட் நிறுவனம் மூடிய பெட்டிகளில் வெளியிட்ட லபுபு மக்கரோன் வரிசையில் சாதாரண பொம்மைகள் ஆறு, ‘ரகசிய’ பொம்மை ஒன்று. ரகசியம் கிடைக்கும் வாய்ப்பு 72இல் 1. ஆறும் சேர ஆறு பெட்டி போதும் என்று தோன்றும். ஒவ்வொன்றாக, தனித்தனியாக வாங்கினால் சராசரியாகப் பதினைந்து பெட்டி ஆகும். ரகசியத்துக்கு 72 பெட்டி வாங்கினால் உறுதி என்பதும் பொய்க் கணக்கு. நூறு பேர் ஆளுக்கு 72 வாங்கினாலும், ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். எப்போது இரை விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் இதே விதியில்தான். பினாங்கு பிறையில் உள்ள மேட்டல் தொழிற்சாலையில் உருவாகும் ஹாட் வீல்ஸ் கார்களிலும் அரிய ‘சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்’ உண்டு. ஆனால் ஒளிபுகும் உறைக்குள் ரப்பர் சக்கரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தேடிப் பேரங்காடி அலமாரிகளைக் குடைபவருக்கு நேரம் வீணாகலாம். தெரியாத பொருளுக்குக் காசு போகாது.

பொருளைவிடப் பெட்டியைப் பிரிக்கும் நொடியே பெரிதாகி, பிரித்த கையோடு மனம் அடுத்த பெட்டிக்குத் தாவும்போதுதான் எல்லை தாண்டுகிறது என்பேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டில் பதுக்கல் கோளாறைத் தனி நோயாகச் சேர்த்தது: எதையும் எறிய மனம் வராமல், வீடு புழங்க முடியாதபடி ஆவது. அந்த இலக்கணம் இங்கே பொருந்தாது. கண்ணாடி அலமாரியில் பொம்மைகள் தூசியின்றி அணிவகுத்து நிற்கும். குப்பை சேருவது கைப்பேசியின் ‘பே லேட்டர்’ தவணைகளில். வீட்டாருக்கு விலையைக் குறைத்துச் சொல்வது தொடங்கிவிட்டால், அலமாரியின் அழகைப் பார்த்துத் திருப்திப்பட ஒன்றுமில்லை.

‘என் காசு, பீருக்கும் சிகரெட்டுக்கும் போவதைவிட மேல்’ என்பார்கள். மாதம் ஒரு பெட்டி வாங்குபவர் அப்படிச் சொன்னால் முழு நியாயம். அவரை யாரும் சீண்ட வேண்டாம். ‘இது முதலீடு’ என்ற வாதம்தான் ஆபத்தானது. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது உண்மை. அதே மாதம் நிறுவனம் சரக்கைக் கூட்டி இறக்கியதும் சீனாவில் மறுவிற்பனை விலை சரிந்ததும் உண்மை. எவ்வளவு அச்சடிப்பது என்பதை விற்பவரே தீர்மானிக்கும் பொருளில் சேமிப்பைப் போடுவது என்ன முதலீடு?

பெற்றோர் கண்டிக்கட்டும், அரசு எதற்கு என்பது அடுத்த கேள்வி. கெந்திங் சூதாட்டக்கூடத்தில் 21 வயதாகாதவருக்கு அனுமதியில்லை. அங்கே பெற்றோர் கண்டிப்பே போதும் என்று நாம் விட்டுவிடவில்லை. லபுபுவை விற்கும் நிறுவனத்தின் தாயகமான சீனாவே 2023இல் எட்டு வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய பெட்டிகளை விற்கக் கூடாது என்றது. மலேசியாவிலும் வயது வரம்பு வேண்டும், வாய்ப்புக் கணக்கு பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் வேண்டும். கூடவே, பிடித்த பொம்மையைக் காட்டி ‘இதுதான் வேண்டும்’ என்று அதே விலைக்குக் கேட்டு வாங்கும் வழியும் வேண்டும். பொம்மையை உண்மையாகவே விரும்புகிறவருக்கு இதனால் ஒரு காசு நட்டமில்லை. விற்பவர் மறுத்தால், அவர் விற்பது பொம்மையைத்தானா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.