கஞ்சாவைப் பிடிக்கிறியள் சரி, மைதானம் எங்க?

வடக்குச் செய்திகளைக் கிழமைக்கு ஒருக்கா எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் 'கேரள கஞ்சா' என்ற சொல் பழகிப்போயிருக்கும். கடற்கரையில் பொதி பிடிபட்டது, இத்தனை கிலோ, இரண்டு பேர் கைது. பிறகு பாடசாலையில் ஒரு கருத்தரங்கு வைப்பார்கள். மேடையில் ஒருவர் போதை கூடாது என்பார். நாங்கள் கை தட்டிவிட்டு ரியூசனுக்கு ஓடுவோம்.

அந்தக் கருத்தரங்குகளில் ஆரும் பதில் சொல்லாத ஒரு கதை எங்கட வயதுப் பெடியளுக்குள்ள ஓடித் திரியுது. "கஞ்சா மாதிரி ஒரு சாமான் எங்கட மூளைக்குள்ளயே இருக்கு மச்சான். இயற்கையா இருக்கிறது எப்பிடிக் கூடாமப் போகும்?" இந்தக் கதையின் முதல் பாதி உண்மை. அதனால்தான் "சும்மா விசர்க்கதை கதைக்காத" என்று இதைத் தள்ளிவிட ஏலாது.

கஞ்சாவில் போதையைத் தருகிற ரி.எச்.சி என்ற பொருளை 1964இல் இஸ்ரேலில் ரபேல் மெச்சூலமும் யெஹியேல் கவோனியும் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொருள் போய் ஒட்டுகிற ஏற்பிகள் மூளையில் இருப்பது 1980களின் கடைசியில் தெரியவந்தது. ஒரு செடியில் இருக்கிற சாமானுக்கு மனித மூளை ஏன் பூட்டுச் செய்து வைத்திருக்க வேண்டும்? அந்தப் பூட்டுக்கு உடம்பே ஒரு திறப்புச் செய்திருக்க வேண்டும் என்று தேடினார்கள். 1992இல் ஜெருசலேமில் மெச்சூலத்தின் ஆய்வுகூடத்தில் அது அகப்பட்டது. 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருந்து அதற்கு ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கு அந்தப் பெயரை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தத் தொகுதி வேலை செய்கிற விதம்தான் சுவாரசியம். வழமையாக ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்துக்குச் செய்தி அனுப்பும். இங்கே செய்தி எதிர்ப்பக்கமாகப் போகும். கேட்டுக்கொண்டிருக்கிற கலம், அனுப்புகிற கலத்தைப் பார்த்து "காணும், கொஞ்சம் அடக்கி வாசி" என்கிறது. நோவு, பயம், பசி, ஞாபகம் என்று பலதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் உடம்பு இதைச் செய்து, வேலை முடிந்தவுடன் நொதியங்களைக் கொண்டு உடைத்துவிடுகிறது.

கஞ்சா புகைத்தால் ரி.எச்.சி இந்தக் கணக்கு ஒன்றும் பார்க்காது. ஏற்பி இருக்கிற இடமெல்லாம் போய் ஒட்டும், மணிக்கணக்காக நிற்கும். ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இந்த ஏற்பிகள் நிறைய இருப்பதால் ஞாபகம் தடுமாறும். இருபதுகளின் நடுப்பகுதி வரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வளர்ச்சியிலும் இந்தத் தொகுதிக்கு வேலை இருக்கிறது. பதின்ம வயதிலேயே தொடங்கி அடிக்கடி பாவிப்பவர்களுக்கு உளப்பிறழ்வு நோய் வருகிற ஆபத்துக் கூட. கிணத்தில தண்ணி இருக்கு எண்டதுக்காக வெள்ளத்தை வீட்டுக்குள்ள விடுவமா?

இந்தத் தொகுதியை நிற்பாட்டினாலும் பிரச்சினைதான். உடற்பருமனுக்காக ரிமோனபன்ட் என்ற குளிசை 2006இல் ஐரோப்பாவில் வந்தது. அது இதே ஏற்பிகளை அடைத்து பசியைக் குறைத்தது. ஆனால் பாவித்தவர்களில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுவது தெரிந்து 2008இல் அதைச் சந்தையில் இருந்து எடுத்துவிட்டார்கள். மனதைச் சமநிலையில் வைப்பதில் இந்தத் தொகுதிக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்தக் குளிசை காட்டிவிட்டுப் போனது.

அப்ப வெள்ளமும் வேண்டாம், வரட்சியும் வேண்டாம் எண்டால் என்ன செய்யிறது? ஓடலாம். ஓடினபிறகு வருகிற அந்த லேசான சந்தோசத்துக்கு எண்டோர்பின்தான் காரணம் என்று கனகாலமாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் இரத்தத்தில் இருக்கிற எண்டோர்பின், மூளைக்கு முன்னால் இருக்கிற தடுப்பைச் சுலபமாகத் தாண்டாது. 2003இல் அமெரிக்காவில் ஆண் மாணவர்களை 50 நிமிடம் ஓடவோ சைக்கிள் மிதிக்கவோ விட்டு இரத்தத்தைப் பார்த்தபோது ஆனந்தமைட் கூடியிருந்தது. 2021இல் ஜேர்மனியில் 63 பேரிடம் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. எண்டோர்பின் வேலை செய்கிற ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு 45 நிமிடம் ஓடவிட்டார்கள். அப்போதும் சந்தோசம் வந்தது, பதற்றம் குறைந்தது. இதில் உடம்பின் சொந்தக் கன்னபினொயிட்டுகளுக்கு முக்கிய பங்கு இருக்கலாம் என்ற எண்ணம் இதனால் பலப்பட்டது.

உயிர் போக ஓடத் தேவையில்லை. மெல்ல உலாவினாலும், மூச்சு முட்ட ஓடினாலும் ஆனந்தமைட் அவ்வளவாகக் கூடவில்லை. நடுத்தர வேகத்தில்தான் கூடியது என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. கதைக்க ஏலும், பாட ஏலாது என்கிற அளவு வேகம் காணும்.

இது இளம் ஆட்களின் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் 120 மூத்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். கிழமைக்கு மூன்று நாள் வேகமாக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 வீதம் பெருத்திருந்தது. உடம்பை நீட்டி நிமிர்த்துகிற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்ற முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். அவரோடு படமெடுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் தங்கட அம்மாவை ஒரு நாளாவது நடக்க விட்டிருப்பார்கள்?

இனி எங்கட பக்கத்தைப் பார்ப்பம். பாடசாலையில் விளையாட்டுப் பாடவேளையைக் கணிதம் எடுத்துவிடும். ஓ.எல் வகுப்பு வந்ததும் "இனி விளையாட்டை விடு" என்பார்கள். ஞாயிறு காலையும் ரியூசன். பின்னேரம் பாடசாலை மைதானம் பூட்டு. பெட்டையளுக்கு இன்னும் மோசம். பெரியபிள்ளையான பிறகு உடம்பு அசைகிறது ரியூசனுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது மட்டும்தான்.

எங்கட வட்டத்தில் ஆறு பேர் பின்னேரங்களில் ஓடத் தொடங்கினோம். மூன்றாம் கிழமை ஒருத்தி நின்றுவிட்டாள். காலுக்கு ஒண்டுமில்லை. வழியில் மதகில் இருந்தவர்கள் சொன்ன கதை வீட்டுக்குப் போய்விட்டது. "ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?" என்று அம்மா கேட்டாவாம். மற்ற ஐந்து பேரும் அடுத்த நாளும் ஓடினோம். அவளுக்காக ஆரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எங்கட பிழை.

ஓடினால் எல்லாம் சுகமாகிவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மனச்சோர்வில் இருக்கிற ஒருவரிடம் "போய் ஓடு" என்பது மருந்தில்லை. அவரோடு கதைக்க வேண்டும், 1926 என்ற தேசிய உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், வைத்தியரிடம் போக வேண்டும். கஞ்சாவுக்குப் பழகியவருக்கும் சிகிச்சை வேண்டும். ஆனால் பதற்றம் நிரம்பின ஒரு தலைமுறையிடம் "அதைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, உடம்பு தானே செய்து தருகிற ஆறுதலுக்கு வழியையும் அடைத்தால் அது பாதி அக்கறைதான்.

விளையாட்டுப் பாடவேளையில் கை வைக்காதீர்கள். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மைதானத்தைத் திறந்து, வெளிச்சம் போடுங்கள். பெட்டையள் ஓடுகிற நேரத்தில் பொறுப்பான ஒருவர் அங்கே நிற்கட்டும். மதகில இருக்கிறவைக்குச் சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லுறம்.

அடுத்த கருத்தரங்குக்கு வாற பெரியாக்களே, இந்த முறை கை தட்டி முடிஞ்ச உடனே நாங்கள் எழும்பிப் போகமாட்டம். மைதானத் திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டு கேப்பம்.