படியெடுப்பதா? படைப்பதா?

கைவினை என்றாலே பழைய வடிவத்தைப் பிழையின்றிப் படியெடுத்தல் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் குறையுடையது என்பதற்கு இங்கிலாந்து நாட்டு லேஸ் பின்னல் தக்க சான்றாகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். ஆதலின் இக்கலை நமக்கு முற்றிலும் அயலானதன்று.

பக்கிங்காம்ஷயரிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் வளர்ந்த ஒரு வகை ‘பாயிண்ட் கிரவுண்ட்’ எனப்படும். திண்டின்மேல் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, துளைகளில் குண்டூசி குத்தி, பாபின்களில் சுற்றிய மெல்லிய நூல்களைப் பின்னுவர். இரண்டு இணை நூல்கள் குறுக்கிட்டு மும்முறை முறுக்கிக்கொள்ள, அறுகோணக் கண்ணிகளாலான வலைத்தளம் உருவாகும். அதனிடையே பூவும் இலையும் நெருங்கிய நெசவாக அமையும். தடித்த நூலொன்று அவற்றின் விளிம்பைச் சுற்றிவரும்.

அந்நாளில் வடிவத்தை வரைந்தவர் ஒருவர்; பின்னியவர் வேறொருவர். வணிகர் தந்த வடிவத்தையே பெண்கள் பெரும்பாலும் பின்னினர். 1809இல் ஜான் ஹீத்கோட் வலை பின்னும் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். கை நெடுநேரம் உழைத்த வெறுந்தளத்தை எந்திரம் விரைந்து தந்தது. நாளடைவில் பூவேலையையும் எந்திரங்கள் போலச் செய்தன. அந்நிலையில் பெட்ஃபோர்டு நகரத் தாமஸ் லெஸ்டர் போன்றோர், வலைத்தளத்தை விடுத்துப் பின்னல் இழைகளால் பூக்களை இணைக்கும் வடிவங்களை வரைந்தனர். கைத்தொழில் மேலும் சில காலம் பிழைத்தது. அதனைத் தாங்கியது விரல்களின் வேகம் மட்டுமன்று, வரைந்தவரின் சிந்தனையுமாகும்.

வடிவம் வரைதல் வல்லார்க்கே உரியது என்பர் சிலர். அதற்கு உடன்படுவதற்கில்லை. நேரான ஓர விளிம்பையும் சாய்ந்து செல்லும் புள்ளி வரிசைகளையும் முதலில் வரைந்துகொள்ளலாம். அப்புள்ளிகளில் பொருந்தும் சிறு பூவொன்றை அமைக்கலாம். பூவினுள் நுழையும் இணைகள் எத்தனை, அவை வெளியேறும் இடம் எது என்று கணக்கிடுதல் வேண்டும். ஊசிகள் அகன்று நின்றால் நெசவு தளரும். மிக நெருங்கினால் நூல்கள் திரளும். ஒரு சிறு துண்டினைப் பின்னிப் பார்த்தால் பிழை தானே புலப்படும். பிழையைக் கண்டு மீண்டும் வரைவதே பயிற்சியாகும்.

ஆதலின், இக்கலையைக் கற்பிப்போர் முதல் அட்டையுடன் ஒரு வெற்றுத் தாளையும் மாணவர் கையில் கொடுத்தல் வேண்டும். பிறர் இட்ட துளையில் ஊசி குத்துவோர் கைத்திறன் பெறுவர். அத்துளை ஏன் அங்கே அமைந்தது என வினவுவோரே கலைக்கு உரியவராவர்.